கத்தியை எடுக்குமுன் காலைப் பாருங்கள்!



சுபஹுத் தொழுகை முடிந்து, தேநீருக்குக் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டுக் கோழிக்கூட்டைத் திறக்கிறீர்கள். சேவல் முதலில் குதிக்கிறது. பின்னால் பேடுகள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. நேற்று அஸர் வரையில் வளவெல்லாம் கிளறித் திரிந்த செம்பேடு மட்டும் இறங்கவில்லை. தூக்கி வெளியே விட்டால் ஒற்றைக் காலை உயர்த்திக்கொண்டு இரண்டு எட்டு வைக்கிறது. பின்னர் அப்படியே குந்திவிடுகிறது.

"கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா?" என்று கேட்டார்கள் நம் முன்னோர். கோழியே முடமானால் என்ன செய்வது என்று அவர்கள் சொல்லிவைக்கவில்லை. அதனால்தான் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்கிறோம். பக்கத்து வீட்டு மாமி "இது வாதம்" என்பார். எதிர்வீட்டு ராத்தா "கண்ணூறு" என்பார். மூன்றாமவர், "செத்துப்போகுமுன் அறுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வீணாகிவிடும்" என்பார். பெரும்பாலும் இந்த மூன்றாவது தீர்ப்புத்தான் நிறைவேறுகிறது.

எங்கள் வீட்டிலும் ஒரு நாள் அதுதான் நடக்கவிருந்தது. உம்மாவின் பேடு ஒன்று திடீரென்று நொண்டத் தொடங்கியது. ஒரு நாள் பொறுத்துப் பார்த்த உம்மா, "மகன், இது இனித் தேறாது. ஜும்ஆவுக்குப் போகுமுன் அறுத்துத் தந்திட்டுப் போங்க" என்றார். நானும் கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தேன். கோழியைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மகள், "வாப்பா, இஞ்ச பாருங்க, காலில நூல் கிடக்கு" என்றாள். குனிந்து பார்த்தேன். என் மனைவி தைத்துவிட்டுக் கூட்டித் தள்ளிய தையல் நூல், நடுவிரலின் அடியில் நாலைந்து சுற்றுச் சுற்றித் தசைக்குள் இறங்கியிருந்தது. விரல் வீங்கிக் கறுத்துப் போயிருந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு நகவெட்டியை எடுத்தோம்.

மார்க்கம் படித்தவன், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவன், ஓர் உயிரின் காலைத் திருப்பிப் பார்க்காமலே அதன் கழுத்துக்குக் கத்தியைத் தீட்டியிருக்கிறேன். அந்த வெட்கம்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. அதன்பிறகு மிருக வைத்தியர்களிடம் கேட்டும் வாசித்தும் அறிந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

நொண்டுதல் ஒரு நோயல்ல, ஓர் அறிகுறி

முதலில் மனதில் பதிக்கவேண்டியது இதுதான். நமக்குத் தலைவலி வந்தால் அதற்குப் பசியும் காரணமாகலாம், காய்ச்சலும் காரணமாகலாம். கோழி நொண்டுவதும் அவ்வாறே. உள்ளங்காலில் ஏறிய முள்ளிலிருந்து நரம்பைத் தாக்கும் வைரஸ் வரை அதற்குப் பல காரணங்கள் உண்டு. சிலவற்றை வீட்டிலேயே சுகப்படுத்தலாம். சிலவற்றுக்கு வைத்தியர் வேண்டும். சிலவற்றுக்கு மருந்தே இல்லை. எது எது என்று தெரியாமல் அறுப்பதும் தவறு. தெரியாமல் மருந்து கொடுப்பதும் தவறு.

பிடித்துப் பார்க்கும் முறை

நொண்டும் கோழியை வளவெல்லாம் துரத்திப் பிடிக்காதீர்கள். சுளுக்காக இருந்தது முறிவாகிவிடும். மஃரிபுக்குப் பின் அது அடைந்திருக்கும்போது மெதுவாக எடுங்கள். பழைய சாரனாலோ துவாயாலோ சிறகுகளை மூடி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சை இறுக்கிப் பிடிக்கக்கூடாது. நமக்கிருப்பது போன்ற உதரவிதானம் கோழிக்கு இல்லை. நெஞ்செலும்பு அசைந்தால்தான் அதற்கு மூச்சு. இறுக்கிப் பிடித்தால் கையிலேயே மூச்சடைத்து இறந்துவிடும்.

டோர்ச் வெளிச்சத்தில் கீழிருந்து மேலாகப் பாருங்கள். உள்ளங்கால், விரலிடுக்கு, நகம், கணுக்கால், முழங்கால், தொடை என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள். கோழியின் உடல் இயல்பாகவே நம் உடலைவிடச் சூடானது. சுமார் 41 பாகை செல்சியஸ் இருக்கும். ஆகவே தொட்டவுடன் "காய்ச்சல்" என்று முடிவு கட்டாதீர்கள். நொண்டும் காலை நல்ல காலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எது வீங்கியிருக்கிறது, எது கூடுதலாகச் சுடுகிறது, எதைத் தொட்டால் இழுத்துக்கொள்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

காலில் காணும் குறைகள்

நூல்: தையல் நூல், தலைமயிர், மீன்வலை நூல், சாக்கு நூல் ஆகியவை கோழிக்குக் கண்ணிகளே. கைத்தறி ஓடும் மருதமுனை போன்ற ஊர்களிலும் வலை பின்னும் கரையோர ஊர்களிலும் இது இன்னும் அதிகம். கிளறும்போது நூல் விரலில் சிக்கும். நடக்க நடக்க இறுகும். இரத்த ஓட்டம் நின்று விரல் கறுக்கும். இளஞ்சூட்டு நீரில் காலை ஊறவைத்து, சிறு கத்தரிக்கோலின் நுனியால் ஒவ்வொரு சுற்றாக வெட்டி எடுங்கள். ஒரு சுற்றை உள்ளே விட்டுவிட்டாலும் வேலை முடியவில்லை என்றே பொருள். முற்றாகக் கறுத்துக் காய்ந்த விரல் தானாக விழுந்துவிடலாம். அதை நீங்கள் பிடுங்க வேண்டாம்.

பாதப்புண்: உள்ளங்காலின் நடுவே பயறளவில் கறுத்த பொருக்கு, அதைச் சுற்றி வீக்கம். முள், கண்ணாடித் துண்டு, கூரான கல் குத்தியதாலோ, உயரமான இடத்திலிருந்து கடுந்தரையில் குதித்துக் குதித்துத் தோல் வெடித்ததாலோ கிருமி உட்புகுந்து இது உண்டாகிறது. பெரும்பாலும் ஸ்டெஃபிலோகொக்கஸ் என்ற பக்டீரியாதான் காரணம். நம் உடம்பிலும் சீழ்ப்புண்களை உண்டாக்கும் இனம் அது. ஆகவே கையுறை, அல்லது ஒரு பொலித்தீன் பையையாவது கையில் மாட்டிக்கொள்ளுங்கள். முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

வீக்கம் சிறிதாயின், ஒரு பேசின் இளஞ்சூட்டு நீரில் ஒரு கைப்பிடி உப்பைக் கரைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் காலை ஊறவையுங்கள். ஈரத்தை ஒற்றியெடுத்து, பாமசியில் கிடைக்கும் பொவிடோன் அயடினைப் பூசி, கோஸ் துணி வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். நாளாந்தம் கட்டை மாற்றுங்கள். கோழியின் சீழ் நம்முடையதைப் போல் ஒழுகாது. கட்டியாகி உள்ளே இருக்கும். ஆகவே பிதுக்கவும் வேண்டாம், சவர அலகால் கீறவும் வேண்டாம். வீக்கம் பெரிதாகினாலோ கணுக்காலுக்கு மேலே ஏறினாலோ அது வைத்தியருடைய வேலை.

சுளுக்கும் முறிவும்: புண் இல்லை, நூல் இல்லை, ஆனால் கணுக்கால் சற்று வீங்கி வலிக்கிறது என்றால் சுளுக்காக இருக்கலாம். அதற்கு மருந்து ஓய்வுதான். ஒரு வாரம், தேவைப்பட்டால் இரண்டு வாரம் நடமாட விடாமல் வையுங்கள். கால் இயல்புக்கு மாறாக வளைந்திருந்தாலோ, தொங்கினாலோ, எலும்பு வெளியே தெரிந்தாலோ அது முறிவு. தாமதிக்காமல் வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.

செதில் கால்: இது திடீரென்று வருவதல்ல. ஆனால் கவனியாது விட்டு, ஒரு நாள் கோழி நொண்டும்போதுதான் நம் கண்ணில் படுகிறது. காலின் செதில்கள் தூக்கிக்கொண்டு, சுண்ணாம்பு அப்பியது போல் தடித்துக் காணப்படும். கண்ணுக்குத் தெரியாத ஒருவகை உண்ணி செதிலுக்கடியில் குடியிருப்பதே காரணம். காலை நீரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷால் மெதுவாகத் தேய்த்து, வஸ்லீன் அல்லது தேங்காயெண்ணெயைத் தடிப்பாகப் பூசுங்கள். உண்ணிகள் மூச்சடைத்துச் சாகும். சில வாரங்கள் தொடர்ந்து செய்யவேண்டும். ஒன்றிடமிருந்து மற்றதற்குத் தொற்றும் என்பதால் எல்லாக் கோழிகளின் காலையும் பாருங்கள்.

முட்டையிடும் பேட்டின் கால் சோர்வு

காலில் ஒரு குறையும் இல்லை, ஆனாலும் பேடு எழும்ப மறுக்கிறது. அப்படியானால் அதன் முட்டைக் கணக்கைப் பாருங்கள்.

ஒரு முட்டைக் கோதில் ஏறத்தாழ 2 கிராம் கல்சியம் இருக்கிறது. அந்தக் கோது பெரும்பாலும் இரவு நேரத்திலேயே உருவாகிறது. அப்போது கோழியின் இரைப்பையில் கல்சியம் போதாவிட்டால், அது தன் எலும்பிலிருந்து எடுத்துக் கோது கட்டுகிறது. சோறு, குருணல், தேங்காய்ப்பூ ஆகியவற்றை மட்டும் தின்று நாள் தவறாமல் முட்டையிடும் பேடு, தன் எலும்பைக் கரைத்தே நமக்கு முட்டை தருகிறது. ஒரு நாள் கால் தாங்காமல் விழுகிறது. பிள்ளை பெற்ற தாய்க்குச் சத்துணவு தேடிக் கொடுக்கும் நாம் இந்தத் தாயை மறந்துவிடுகிறோம்.

இதற்குப் பரிகாரம் நம் குசினியிலேயே இருக்கிறது. முட்டைக் கோதுகளைக் கழுவி, வெயிலிலோ அடுப்புச் சட்டியிலோ நன்றாகக் காயவைத்து நொறுக்கித் தனியாக ஒரு சிரட்டையில் வையுங்கள். கடற்கரை ஊரவர்கள் சிப்பியை இடித்து வைக்கலாம். தேவையான கோழி தேவையான அளவு கொத்திக்கொள்ளும். தீனில் கலந்துவிடாதீர்கள். வளரும் குஞ்சுகளுக்கு அளவுமீறிய கல்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கல்சியம் உடம்பில் சேர விட்டமின் டீ வேண்டும்; அதற்கு வெயில் வேண்டும். நாள் முழுதும் கூட்டில் அடைத்துவைத்த கோழிக்குச் சிப்பி மட்டும் போதாது.

முட்டை உள்ளே சிக்கிக்கொண்டாலும் பேடு நடக்கமாட்டாது. வால் கீழும் மேலும் அசையும், முக்கும், நிமிர்ந்து நின்று தள்ளாடும். இளஞ்சூட்டு நீரில் அதன் பின்புறத்தை இருபது நிமிடம் வரை அமிழ்த்திவைத்து, வாயிலில் சிறிது எண்ணெய் தடவி, இருட்டான அமைதியான இடத்தில் விடுங்கள். வயிற்றை அழுத்தி முட்டையைத் தள்ள முயலாதீர்கள். உள்ளே உடைந்தால் கோழி தப்பாது. அன்றைக்குள் முட்டை வராவிட்டால் வைத்தியரை நாடுங்கள்.

காலில் தெரிந்தாலும் காலில் இல்லாத நோய்கள்

இரண்டு மாதம் முதல் ஐந்து மாதம் வரையான இளங்கோழி, ஒரு காலை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் நீட்டிக்கொண்டு சரிந்து கிடந்தால் மாரெக் நோயாக இருக்கலாம். ஜோசப் மாரெக் என்ற ஹங்கேரி நாட்டு மிருக வைத்தியர் 1907 இல் முதன்முதலில் விபரித்த நோய் இது. காலுக்குச் செல்லும் நரம்பை ஒரு வைரஸ் தாக்கித் தடிக்கச் செய்கிறது. உள்ளுறுப்புகளிலும் கட்டிகள் தோன்றும். இதற்கு மருந்து இல்லை. பொரித்த முதல் நாளிலேயே குஞ்சுக்கு ஊசி போடுவதே பாதுகாப்பு. ஆகவே பண்ணைக் குஞ்சுகளை வாங்கும்போது "மாரெக் ஊசி போட்டதா?" என்று கேட்டு வாங்குங்கள். இந்நோய் மனிதரைத் தொற்றுவதில்லை. ஆனால் இறகுத் தூசியின் வழியாக மற்றக் கோழிகளுக்குப் பரவும்.

கால் இழுப்போடு கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், பச்சைக் கழிச்சல், மூச்சுத் திணறல் ஆகியவையும் இருந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கோழிகள் விழுந்தால் அது ராணிக்கேட் நோயாக இருக்கலாம். இதற்கும் தடுப்பு மருந்தே காவல். உடனே உங்கள் பிரதேச அரச மிருக வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். பறவைக் காய்ச்சல் உலகின் பல பாகங்களில் பரவும் இக்காலத்தில், பல கோழிகள் திடீரென்று சாவதை எவரும் மறைக்கலாகாது.

கால் மட்டுமன்றிச் சிறகும் கழுத்தும் துணிபோல் துவண்டால், அழுகிய பிராணியையோ அதிலுள்ள புழுவையோ தின்றதால் வந்த நஞ்சாக இருக்கலாம். வளவில் செத்த எலியையும் வீசிய மீன் குடலையும் தேடி உடனே புதையுங்கள். சிறு குஞ்சுகளின் விரல்கள் உட்புறம் சுருண்டிருந்தால் விட்டமின் பீ2 குறைவு. இது ஆரம்பத்தில் கவனித்தால் மாறக்கூடியது. வைத்தியரிடம் கேட்டு விட்டமின் மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள்.

நோயாளியைப் பேணுதல்

காரணம் எதுவாயினும் பராமரிப்பு ஒன்றே. நொண்டும் கோழியை மற்றவை கொத்தும், தீனுக்கும் நெருங்கவிடா. எனவே ஒரு கடதாசிப் பெட்டியிலோ கூடைக்குள்ளோ வைக்கோல் அல்லது மரத்தூள் மெத்தென்று பரப்பித் தனியே வையுங்கள். தண்ணீரும் தீனும் அதன் அலகுக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். கால் வலியால் சாவதற்குமுன் தாகத்தால் செத்த கோழிகளே அதிகம் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. படுத்தே கிடந்தால் நாளுக்கு மூன்று நான்கு முறை பக்கம் மாற்றிவிடுங்கள். பின்புறத்து எச்சத்தைக் கழுவித் துடையுங்கள்; ஈ மொய்த்தால் புழுவைத்துவிடும். சுகமானபின் பகலில் கொண்டுவிடாமல் இரவில் மற்றவற்றோடு அடையவிடுங்கள். விடியும்போது சண்டை குறைவாக இருக்கும்.

இரண்டு நாளில் முன்னேற்றம் இல்லாவிட்டாலும், தீன் எடுக்காவிட்டாலும், இரண்டாவது கோழியும் நொண்டினாலும் வைத்தியரிடம் செல்லுங்கள். "ஒரு கோழிக்காக டொக்டரா?" என்று வெட்கப்பட வேண்டாம். எத்தனையோ வீடுகளில் முட்டைக் காசுதான் பிள்ளையின் கொப்பியாகவும் மாதச் சீட்டாகவும் மாறுகிறது.

ஓர் எச்சரிக்கை. உம்மாவின் மூட்டுவலி மாத்திரையில் பாதியைக் கோழிக்குக் கொடுக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. டைக்ளோபெனாக் என்னும் வலிமருந்து பறவைகளின் சிறுநீரகத்தை அழிக்கக்கூடியது. அம்மருந்து கொடுக்கப்பட்ட மாடுகளின் பிணத்தைத் தின்று இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. அதனால் 2006 இல் அந்நாடு கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பதைத் தடைசெய்தது. மீதமிருக்கும் அன்டிபயோடிக் குளிசைகளையும் கொடுக்காதீர்கள். வைத்தியர் மருந்து கொடுத்தால், எத்தனை நாளைக்கு முட்டையும் இறைச்சியும் உண்ணக்கூடாது என்று கேட்டு, கலண்டரில் குறித்து வையுங்கள்.

அறுக்கலாமா?

இக்கேள்வியைச் சகோதரிகள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். உயிர் நிலைத்திருக்கும்போது முறைப்படி அறுக்கப்பட்டால், நோயுற்ற பிராணியும் ஹலால்தான். அறுக்குமுன் செத்துவிட்டால் ஹராம். ஆனால் அல்லாஹ் நமக்கு ஹலாலானதை மட்டுமல்ல, தூய்மையானதையும் நல்லதையும் சேர்த்தே உண்ணச் சொல்லியிருக்கிறான். அடிபட்டுக் கால் முறிந்த, மற்றப்படி ஆரோக்கியமான கோழியை அறுத்து உண்பதில் குறையில்லை. தொற்றுநோயால் விழுந்தது, சீழ் பரவியது, மருந்து உடம்பில் இருப்பது ஆகியவற்றை உண்ணாதீர்கள். தேறாத வேதனையில் கிடப்பதை அறுத்து ஆழப் புதைத்துவிடுவதே இரக்கம். அதை அயல்வீட்டுக்குக் கொடுப்பதும், சந்தையில் விற்பதும், வாய்க்காலில் வீசுவதும் அமானிதத்துக்குச் செய்யும் துரோகம்.

அறுப்பதானாலும் கத்தியைக் கூராக்கி, பிராணியை வருத்தாது அறுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். கோழியின் கண்முன்னே கத்தி தீட்டுவதும், மற்றக் கோழிகள் பார்க்க அறுப்பதும் நமக்கு ஆகாது.

வராமல் காப்போம்

கோழி அடையும் தடி நிலத்திலிருந்து இரண்டடிக்குமேல் உயர வேண்டாம். தடி இரண்டங்குல அகலமாய், விளிம்பு மழுங்கியதாய் இருக்கட்டும். கூட்டின் தரையை உலர்வாக வையுங்கள். தைத்தபின் நூலைக் கூட்டித் தள்ளாமல் ஒரு டின்னில் போடுங்கள்.

இன்னொன்று, நாமே கோழியை முடமாக்கும் வழக்கம். சந்தையிலிருந்து இரு கால்களையும் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுவருகிறோம். பின்னர் "வீடு பழகட்டும்" என்று ஒரு காலில் கயிறு போட்டுத் தூணில் கட்டிவைக்கிறோம். இறுகிய கட்டு இரத்தத்தையும் நரம்பையும் நெரிக்கிறது. புதிய கோழியைக் கட்டவேண்டியதில்லை. நாலைந்து நாள் கூட்டில் அடைத்து அங்கேயே தீன் வைத்தால் பழகிவிடும். பூனை ஒன்றைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணின் முடிவை ஹதீஸ்களில் நாம் கேட்டிருக்கிறோம். அந்தப் பூனையின் கயிறும் நம் தூணில் தொங்கும் கயிறும் ஒன்றுதானா என்று ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டும்.

எங்கள் செம்பேட்டின் கதைக்கு வருகிறேன். நூலை எடுத்த மூன்றாம் நாள் அது காலை நிலத்தில் ஊன்றியது. கறுத்த விரல் சில வாரங்களில் விழுந்துவிட்டது. ஒரு விரல் குறைந்த அதே காலோடு அது பின்னர் இரண்டு தடவை அடைகிடந்து குஞ்சு பொரித்தது. உம்மா இப்போதும் வளவைக் கூட்டும்போது ஒரு துண்டு நூல் கண்டாலும் குனிந்து பொறுக்கிச் சீலைத் தலைப்பில் முடிந்துகொள்கிறார்.

நாளை காலை கூட்டைத் திறக்கும்போது எல்லாக் கால்களையும் ஒருமுறை பாருங்கள், சகோதரிகளே. பேச முடியாத அவை நம் பொறுப்பில் விடப்பட்டவை. அந்தப் பொறுப்பை நிறைவேற்ற அல்லாஹ் நம்மனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.